ஏறுவதுபோல் காட்டிய நீர்மட்டம்

சென்ற சித்திரையில் அக்கா மகன் தன் வீட்டு மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் பொருத்தியிருப்பதைக் காட்ட என்னை மேலே அழைத்துச் சென்றான். உச்சி வெயில். தகடுகளின் நிழலில்கூட நிற்க முடியவில்லை. கைப்பேசியில் ஏறிக்கொண்டிருந்த எண்ணைக் காட்டிவிட்டு, “மாமா, ஊரெல்லாம் இப்படி வெயில் அடிக்கறப்போ நிலக்கரி பிளான்ட்டை மத்தியானம் ஆஃப் பண்ணிட்டு, சாயங்காலம் ஆன் பண்ணிக்க வேண்டியதுதானே?” என்று கேட்டான். அனல்மின் நிலையத்தில் 34 ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கட்டுப்பாட்டு அறையில், மூன்று ஷிப்டும் மாறி மாறி. ஆனாலும் “அப்படியெல்லாம் பண்ண முடியாதுப்பா” என்பதற்கு மேல் எனக்குப் பதில் வரவில்லை. அவன் விடாமல் ஏன் என்றான். கீழே இருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டதால் தப்பித்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும், அதற்குப் பிறகு பல நாட்களும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. குளிர்ந்து கிடக்கும் ஒரு யூனிட்டை, அதாவது ஒரு பாய்லரும் டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த தொகுதியை, மீண்டும் ஓட்ட எட்டு, பத்து மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், ஆனால் அவன் உடனே “ஏன் அவ்வளவு நேரம்?” என்று கேட்டிருப்பான், நாங்கள் மறுபடி தொடங்கிய இடத்திலேயே நின்றிருப்போம். அனல்மின் நிலையத்தின் படத்தை நாம் எல்லோரும் பள்ளியில் வரைந்திருக்கிறோம். பாய்லரிலிருந்து டர்பைனுக்கு ஓர் அம்புக்குறி, டர்பைனிலிருந்து ஜெனரேட்டருக்கு ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எழுதுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தவனுக்கோ அந்த நேரங்கள்தான் தொழிலே. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1990களின் தொடக்கத்தில், மழைக்கால மாலை ஒன்றில், என் கையாலேயே ஒரு யூனிட்டை நிறுத்தித் தெரிந்துகொண்டேன். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். தவறு நிலையத்துடையது அல்ல, என்னுடையது.

கரி நெருப்பாவதற்குள்

நான் சொல்வது 210 மெகாவாட் வகை யூனிட்டைப் பற்றி. தூத்துக்குடியில் ஐந்து, மேட்டூரில் நான்கு, வட சென்னையில் மூன்று என்று தமிழ்நாட்டுக்கு வந்தவை இவை. நாடெங்கும் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் தொழில் பழகியதும் இவற்றில்தான். முழுச் சுமையில் ஓடும்போது இப்படி ஒரு யூனிட் மணிக்கு ஏறத்தாழ 150 டன் இந்திய நிலக்கரியைத் தின்னும். ஒரு நாளைக்கு ஒரு சரக்கு ரயில் முழுக்க என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடிக்கு ஒடிசாவின் தால்ச்சர் கரி பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலில் வருகிறது. மேட்டூருக்கு அதே கரி கப்பலில் வந்து, கரையில் இறங்கி, மறுபடி ரயிலேறிப் போகிறது. இத்தனை தூரம் சுமந்து வந்ததில் 100க்கு 35 முதல் 40 பங்கு எரியாத சாம்பல் என்பது எங்கள் தொழிலின் பழைய வயிற்றெரிச்சல்.

கரியை அப்படியே அடுப்பில் கொட்டுவதில்லை. கிரஷரில் சிறு ஜல்லியாக உடைத்து, பங்கர் என்ற பெரிய தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து அளவாக ஊட்டும் ஃபீடர் வழியாக மில்லுக்குள் விடுகிறோம். மில் அதை முகத்துக்குப் போடும் பவுடர்போல் அரைக்கிறது. சூடான காற்று அந்தப் பொடியை ஊதிக்கொண்டுபோய் உலையின் நான்கு மூலைகளிலிருந்தும் உள்ளே தள்ளுகிறது. நான்கு மூலையிலிருந்தும் சற்றுச் சாய்வாக ஊதுவதால், உலையின் நடுவில் நெருப்பு ஒரு பந்தாகச் சுழலும். நீலக்கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு பார்வைத் துவாரம் வழியாகப் பார்த்தால் தெரியும். முதல் முறை பார்த்துவிட்டு வந்தவன் அன்று முழுக்க அதிகம் பேசமாட்டான். உலைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு துளி குறைவாகவே இருக்கும்படி மின்விசிறிகள் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் துவாரத்தைத் திறந்தவன் முகத்தில் நெருப்பு அடிக்கும்.

இப்போது ஆவி அதிகம் வேண்டும் என்று ஃபீடரின் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். கூடுதல் கரி மில்லில் விழுந்து, அரைபட்டு, குழாயில் பயணித்து, எரிந்து, அந்தச் சூடு குழாய்ச் சுவரைக் கடந்து தண்ணீரை எட்டி ஆவியாக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். கரி ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். மழைக்காலத்தில் கரி சேறுபோல் ஒட்டிக்கொண்டு பங்கரின் கழுத்திலேயே அடைத்துக்கொள்ளும். ஃபீடர் வெறுமனே சுற்றும், கீழே ஒன்றும் விழாது. அப்போது சம்மட்டியும் நீளக் கடப்பாரையுமாகத் தொழிலாளர்கள் ஏறி நின்று இரும்புச் சுவரை அடிக்கும் சத்தம் இரவெல்லாம் கேட்கும். மின்சாரத்தை இவ்வளவு முரட்டுத்தனமாகவும் தயாரிக்கிறோம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

மறுமுனையில் இருக்கும் டர்பைனுக்கோ கரிக்கு நேர்மாறான குணம். அதன் வால்வைத் திறந்தால் அடுத்த நொடியே மெகாவாட் ஏறும். நெருப்பு இன்னும் கூடவில்லையே, ஏறியது எப்படி? பாய்லருக்குள் அழுத்தமாகச் சேர்ந்திருந்த கையிருப்பிலிருந்து. டர்பைன் பாய்லரிடம் கைமாற்று வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் நெருப்பு வந்து கடனை அடைத்துவிட்டால் சரி. அடைக்காவிட்டால் அழுத்தம் சரியும். ஒரு முனையில் நொடிக்கணக்கு, மறுமுனையில் நிமிடக்கணக்கு. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உச்சியில் தொங்கும் ஓர் இரும்பு உருளைதான் டிரம்.

கோலி சோடா

பாய்லர் தரையில் நிற்பதில்லை, மேலிருந்து தொங்குகிறது. இதைச் சொன்னால் பொறியியல் படித்தவர்களே சிலர் நம்பமாட்டார்கள். சூடேறும்போது அத்தனை உயர இரும்பும் 15 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். கீழே ஊன்றி வைத்தால் நீள வழியில்லாமல் முறுக்கிக்கொள்ளும் என்பதால் உச்சியில் மாட்டித் தொங்கவிட்டு, கீழ்நோக்கி நீள விட்டுவிடுகிறார்கள். அந்த உச்சியில், தரையிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில், டிரம் படுத்திருக்கிறது. பாதி தண்ணீர், பாதி ஆவி. ஃபீட் பம்பு தள்ளும் நீர் இதற்குள் வருகிறது. உலைச் சுவராக நிற்கும் குழாய்களுக்குள் இறங்கிக் கொதித்து, குமிழியும் நீருமாக இதற்கே திரும்புகிறது. ஆவி மட்டும் பிரிந்து மேலே போய், மேலும் 540 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி டர்பைனுக்குப் போகிறது. ஃபீட் பம்பு ஒவ்வொன்றையும் சுற்றும் மோட்டார் 4 மெகாவாட். இரண்டு ஓடும், ஒன்று தயாராக நிற்கும். நாம் தயாரிக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கை இப்படி நாமே தின்றுவிடுகிறோம்.

டிரம்மில் நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட கோட்டை ஒட்டியே இருக்க வேண்டும். மேலே ஏறினால் ஆவியோடு நீரும் கலந்துபோய், நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் டர்பைனின் இறக்கைகளில் மோதும். கீழே இறங்கினால் உலைச் சுவர்க் குழாய்களுக்குத் தண்ணீர் போதாமல் அவை வெந்துபோகும். இரண்டு பக்கமும் அபாயக் கோடு. அதைத் தொட்டால் யூனிட் தானாக நின்றுவிடும். முழுச் சுமையில் மணிக்கு 690 டன் வரை ஆவி வெளியேறிக்கொண்டிருக்க, நீர் வரத்து அறவே நின்றுபோனால் கீழ்க்கோட்டைத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. இவ்வளவு பெரிய ஆலையில் இவ்வளவு சிறிய இடைவெளியை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது.

இங்கேதான் அந்தத் தந்திரம் இருக்கிறது. கோலி சோடாவை உடைக்கும்போது பார்த்திருப்பீர்கள். கோலியை உள்ளே தள்ளிய கணம் அழுத்தம் குறைகிறது, திரவம் முழுக்கக் குமிழிகள் பொங்கி, பாட்டிலுக்கு வெளியே வழிகிறது. சோடா கூடிவிடவில்லை, உள்ளிருந்த அதே சோடாதான் உப்பிக்கொண்டு மேலே வருகிறது. டிரம்மிலும் இதுவே நடக்கிறது. டர்பைன் சட்டென்று ஆவியை இழுத்தால் அழுத்தம் விழும். நீருக்குள் இருக்கும் குமிழிகள் எல்லாம் ஒருசேரப் பெருத்து, நீர்மட்டத்தை மேலே தூக்கும். கருவி காட்டுவது பொய்யில்லை, மட்டம் உண்மையாகவே ஏறுகிறது. ஆனால் அந்தக் கணத்தில் டிரம்மில் இருக்கும் தண்ணீரின் எடை ஏறவில்லை, குறைந்துகொண்டிருக்கிறது. எதிர்த்திசையிலும் அப்படியே: இழுப்பைச் சட்டென்று குறைத்தால் அழுத்தம் ஏறும், குமிழிகள் சுருங்கும், தண்ணீர் தேவைக்கு மேல் இருந்தும் மட்டம் விழும். எங்கள் பேச்சில் இவற்றுக்கு ‘ஸ்வெல்’, ‘ஷ்ரிங்க்’ என்று பெயர். தேர்வில் இதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அந்த மாலை

அந்தக் காலத்தில் மாலை நேரங்களில் தென்னக மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டியது 48 சொச்சத்தில் தள்ளாடும். தேவைக்கு உற்பத்தி போதாததன் அடையாளம் அது. எந்த நிலையம் எவ்வளவு ஓட்டவேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருக்கும், ஒரே பாட்டுதான், “லோடை ஏத்துங்க.” அன்று மாலை ஆறரை மணி வாக்கில் ஈரக்கரி அடைத்துக்கொண்டு ஒரு மில் செத்துவிட்டது. 200இல் ஓடிக்கொண்டிருந்த யூனிட்டை 155 மெகாவாட்டுக்கு இறக்கிப் பிடித்தோம். மேலே சம்மட்டிச் சத்தம். கால் மணி நேரத்தில் அடைப்பு விட்டது, மில்லை மறுபடி எடுத்தார்கள்.

நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. அன்று பாய்லர் டெஸ்க் என்னிடம். ஃபீட் கண்ட்ரோலின் ஆட்டோ மதியத்திலிருந்தே ஊசலாடியதால் அதை மேனுவலில் போட்டிருந்தார்கள். அதாவது நீர் வரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் விரலில். என் பக்கத்தில் ஒரு ஃபோர்மேன். வயதில் என் அப்பாவுக்குச் சற்றே இளையவர், பதவியில் எனக்குக் கீழே. நான் அவரை ‘அண்ணே’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். அந்த ‘சார்’ எந்தத் தொனியில் வருகிறது என்பதை வைத்து என் வேலையின் லட்சணத்தை நானே தெரிந்துகொள்ளலாம்.

ஷிப்ட் பொறியாளர் காதில் தொலைபேசியோடு, ஏற்று என்று கையால் சைகை காட்டினார். டர்பைன் டெஸ்க்கில் இருந்தவர் ஏற்றினார். மெகாவாட் முள் ஒரே நிமிடத்தில் 155இலிருந்து 185ஐத் தாண்டியது. மில் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது; அதன் நெருப்பு இன்னும் உலையில் நிலைகொள்ளவில்லை. அழுத்தத்தை வரையும் சிவப்பு மை தாளில் கீழ்நோக்கி வளைந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் நீர்மட்டத்தை வரையும் பச்சை மை மேல்நோக்கி எழுந்தது. வேகமாக எழுந்தது. தலைக்கு மேலிருந்த எச்சரிக்கைப் பலகையில் ‘டிரம் லெவல் ஹை’ என்ற சதுரம் விட்டுவிட்டு எரிந்தது, ஹூட்டர் அலறியது. டர்பைனுக்குள் தண்ணீர் போகப்போகிறது என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் இல்லை. வாங்கிய முழு மதிப்பெண் அங்கே இல்லவே இல்லை. நீர் வரத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினேன். மட்டம் இன்னும் ஏறியது, இன்னும் அழுத்தினேன்.

“சார், கையை எடுங்க சார்.”

கேட்டது. எடுக்கவில்லை. அந்த ‘சார்’ அதுவரை நான் கேட்டிராத தொனியில் இருந்தது. அதுவே என்னை இன்னும் பதறவைத்தது என்று இப்போது தோன்றுகிறது. அரை நிமிடத்துக்கும் சற்று அதிகமாக அப்படி இருந்திருப்பேன். பிறகு அழுத்தம் விழுவது நின்றது. பெருத்த குமிழிகள் மறுபடி இறுகின. பச்சை மை ஒரு கணம் உச்சியில் நின்றுவிட்டு, கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுவதுபோல் இறங்கியது. உள்ளே போகவேண்டிய தண்ணீரை நான் தடுத்துவைத்திருந்தேன் அல்லவா, அந்தப் பற்றாக்குறை முழுவதும் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பதறிப்போய் நீர் வரத்தை முழுக்கத் திறந்தேன். அது இரண்டாவது தவறு. பம்பிலிருந்து வரும் நீர் எவ்வளவு சூடாக்கப்பட்டிருந்தாலும், 340 டிகிரியில் கொதிக்கும் டிரம் நீருக்கு அது குளிர்நீர். அது உள்ளே பாய்ந்ததும் மிச்சமிருந்த குமிழிகளும் அடங்கி, மட்டம் மேலும் அமிழ்ந்தது. அரை நிமிடத்துக்கு முன் செய்திருந்தால் யூனிட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே செயல், அப்போது அதைக் கவிழ்த்தது.

கீழ்க்கோடு. பாய்லர் ட்ரிப், அதைத் தொடர்ந்து டர்பைன் ட்ரிப். பலகையில் இருந்த சதுரங்கள் அத்தனையும் ஒன்றாக எரிந்தன. விளக்குகள் ஒருமுறை இமைத்துவிட்டு வெளி மின்சாரத்துக்கு மாறின. காலடியில் எப்போதும் இருக்கும் அந்த மெல்லிய அதிர்வு, இருப்பதே மறந்துபோன அதிர்வு, இல்லாமல் போனது. அதிர்வெண் ஏற்கெனவே தரைதட்டியிருந்த நேரத்தில் 180 சொச்சம் மெகாவாட்டைப் பிடுங்கிக்கொண்டேன். ஏதோ சில ஊர்களில் இரவுச் சாப்பாட்டு வேளையில் விளக்கு அணைந்திருக்கும்.

யாரும் திட்டவில்லை. ஷிப்ட் பொறியாளர் அடுத்த வேலைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் பதிவேட்டை எடுத்து, நேரத்தைக் குறித்து, ‘டிரம் நீர்மட்டம் குறைந்து யூனிட் நின்றது’ என்று எழுதினேன். ஃபோர்மேன் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, “முதல்ல ஏறுச்சுன்னும் எழுதுங்க சார்” என்றார். எழுதினேன். அதை எழுதும்போதுதான் கை நடுங்கியது.

இரும்பின் நேரம்

யூனிட் நின்றால் எல்லாம் நின்றுவிட்டது என்று வெளியே இருப்பவர் நினைப்பார். டர்பைன் அப்படி நிற்காது. ஆவி வெட்டப்பட்ட பிறகும் அதன் அச்சு அரைமணி நேரம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அது நின்ற கணமே பாரிங் கியர் என்ற மோட்டாரைப் பூட்டி, மறுபடி மெல்லச் சுற்றவைக்க வேண்டும். அத்தனை டன் எஃகு, அத்தனை சூட்டில் அசையாமல் கிடந்தால், மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் ஆறியும் அச்சு வளைந்துவிடும். வளைந்த அச்சை 3,000 சுற்றில் ஓட்ட முடியாது. எனவே டர்பைன் முழுக்க ஆறும்வரை, நீண்ட நிறுத்தமானால் மூன்று நான்கு நாட்களுக்குமேல், யாருக்கும் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தராமல் அது மெல்லப் புரண்டுகொண்டே இருக்கும். அந்தச் சமயத்தில் பேரிங்குகளுக்கு எண்ணெய் நிற்கக் கூடாது. மின்சாரம் மொத்தமாகப் போனாலும் பாட்டரியில் ஓடும் எண்ணெய் பம்பு ஒன்று தனியாக உண்டு. நிலையத்தின் மிக முக்கியமான பம்பு எது என்று என்னைக் கேட்டால் 4 மெகாவாட் பம்பை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன்.

அன்றிரவு நாங்கள் செய்தது ஹாட் ஸ்டார்ட், அதாவது சூடு ஆறுவதற்குள் மறுபடி ஓட்டுவது. முதலில் உலையைக் காற்றால் கழுவ வேண்டும். எரியாத கரிப்பொடியோ எண்ணெய் ஆவியோ உள்ளே தங்கியிருந்தால் தீ வைத்ததும் வெடிக்கும். ஐந்து நிமிடம். லோடு டெஸ்பாட்ச் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஐந்து நிமிடம்தான். பிறகு ஃபர்னஸ் ஆயிலைப் பீய்ச்சி நெருப்பு வைத்தோம். ஆவி எழும்பியது. ஆனால் அதை உடனே டர்பைனுக்குள் விட முடியாது. டர்பைனின் உடல் இன்னும் 450 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தது. புது ஆவி அதைவிடச் சூடாக இல்லாவிட்டால், பழுத்த இரும்பில் தண்ணீர் தெளித்த கதையாகிவிடும். அதனால் டர்பைனின் சூட்டை எட்டிப்பிடிக்கும்வரை ஆவியை வெளியே விட்டுக்கொண்டு காத்திருந்தோம். பிறகு 3,000 சுற்றுக்கு ஏற்றி, கிரிடின், அதாவது மின்கட்டமைப்பின், அலையும் நம் அலையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதற்காக சிங்க்ரோஸ்கோப் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடிகாரத் திசையில் மெல்ல ஊர்ந்து வரும் அந்த முள் பன்னிரண்டைத் தொடுவதற்குச் சற்று முன், யூனிட்டைக் கிரிடோடு இணைக்கும் பிரேக்கரைப் போட வேண்டும். போட்டபோது இரவு பத்தே முக்கால். ஏறத்தாழ நாலு மணி நேரமும், கரியைவிடப் பல மடங்கு விலையுள்ள எண்ணெயும், என் விரல் அந்தப் பொத்தானில் இருந்த அரை நிமிடத்துக்கான செலவு.

செலவு அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. தடித்த இரும்பு ஒவ்வொரு முறை ஆறிச் சூடேறும்போதும் கொஞ்சம் களைத்துப்போகிறது. கம்பியை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதில்லையா, அதேதான். ஒடிய ஆண்டுகள் ஆகும், அவ்வளவே. பாய்லர் குழாயில் ஊசித்துளை விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உயர் அழுத்த ஆவி கசிவது கண்ணுக்குத் தெரியாது. சீறல் சத்தம் மட்டும் கேட்கும். பழைய ஆட்கள் நீளக் கழியின் நுனியில் துணியைக் கட்டி முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பார்கள். துணி படபடத்துக் கிழிந்தால் அங்கே ஆவி இருக்கிறது. அக்கா மகன் சொல்லும் ‘ஆஃப்’, ‘ஆன்’ என்பதை நாள்தோறும் செய்தால், இந்தக் களைப்பை ஆண்டுக்கு முன்னூற்றுச் சொச்சம் முறை அந்த இரும்புக்குக் கொடுக்கிறோம்.

மதியத்துப் பள்ளம்

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகவே நிலக்கரி நிலையம் இரவு பகலாக முழு மூச்சில் ஓடவேண்டும் என்று முடித்தால், நான் என் தொழிலுக்காக வாதாடும் வக்கீலாகிவிடுவேன். எங்கள் தலைமுறைக்கு அந்தக் கர்வம் உண்டு. தடங்கலின்றி எத்தனை நாள் ஓட்டினோம் என்பதே எங்கள் பெருமை. லோடை இறக்கச் சொன்னால் அவமானப்பட்டதுபோல் முகம் சுளிப்போம். தூத்துக்குடியின் முதல் யூனிட் 1979இல் ஓடத் தொடங்கியபோது, ஒரு காலத்தில் நடுப்பகலில் மின்சாரம் மிஞ்சும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஆனாலும் வைகாசி பிறந்து காற்று எழும்பினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு வழிவிட்டு நிலக்கரியைக் குறைக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காற்று பருவத்துக்கு வரும், போகும். சூரியனோ தினமும் வந்து தினமும் மறைகிறது. வித்தியாசம் அதில்தான்.

அவன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதி நடந்துகொண்டும் இருக்கிறது. யூனிட்டை அணைப்பதற்குப் பதில் தணிக்கிறார்கள். முழுத்திறனில் 55 சதவீதம் வரை இறக்கி ஓட்டுவது ஏற்கெனவே நடைமுறை. அதை 40 வரை கொண்டுபோக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதி வகுத்தது. அதே விதி ஏற்ற இறக்கத்தின் வேகத்தையும் சொல்கிறது: திறனில் 70 சதவீதத்துக்கு மேலே ஓடும்போது நிமிடத்துக்கு 3 சதவீதம், அதற்குக் கீழே 2, 55க்கும் கீழே 1. அந்த எண்கள் படிப்படியாகக் குறைவதைக் கவனியுங்கள். இறங்க இறங்க மில்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறோம். உலையின் நடுவில் சுழலும் நெருப்புப் பந்து மெலிகிறது. சாம்பல் மிகுந்த கரியில் அது எப்போது அணையும் என்ற பயத்தில் எண்ணெய் பீய்ச்சும் துப்பாக்கியைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு நாடு முழுக்க ஒன்பது நிமிடம் விளக்கணைத்தபோது தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் விழுந்து எழுந்தது. அந்த ஆட்டத்தின் பெரும்பங்கைத் தாங்கியவை நீர்மின் நிலையங்கள். நீர் டர்பைனுக்கு நொடியும் நிமிடமும்தான் கணக்கு. நிலக்கரி நிலையங்களை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தார்கள்.

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தாம் பணியாற்றும் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு என்னை அழைத்துப்போனார். மைத்தாள்களும் முட்களும் போய், சுவர் முழுக்கத் திரைகள். வட சென்னையில் 2024இல் கிரிடோடு இணைந்த 800 மெகாவாட் சூப்பர்கிரிட்டிக்கல் யூனிட்டில் டிரம்மே கிடையாது; அந்த அழுத்தத்தில் தண்ணீர் குமிழி விடாமலே ஆவியாகிவிடும். நான் போன இடத்தில் டிரம் இருந்தது. பிற்பகல் நாலரை மணி. பகல் முழுக்க 55 சதவீதத்தில் தணிந்து கிடந்த யூனிட்டை மாலைத் தேவைக்காக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டெஸ்க்கில் இருந்த பொறியாளர் பெண்ணுக்கு 25 வயதுக்கு மேல் இருக்காது. நாலாவது மில்லை அப்போதுதான் எடுத்திருந்தார். மெகாவாட் ஏறியது, அழுத்தக் கோடு சற்றே கீழே வளைந்தது, நீர்மட்டக் கோடு மேலே கிளம்பியது. அவர் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “லெவல் ஏறுதேம்மா” என்றேன், என்னையறியாமல். “ஸ்வெல்தான் சார், ஆட்டோ பாத்துக்கும். தானா வரும்” என்றார். என் வலது கை மேசை விளிம்பைத் தாண்டி நீண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கோடு உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கி, தன் இடத்துக்கு வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆயிற்று.